பதினாறாவது துண்டு

செப்டம்பர் வந்துவிட்டால் எங்கள் எட்டு மாடிக் கட்டடத்தில் ஒரே ஒரு வாசனைதான். சிவப்புக் குடைமிளகாய் சுடுகிற வாசனை. பால்கனியில் அதே வாசனை, படிக்கட்டில் அதே வாசனை, காயப்போட்ட துணியிலும் அதே வாசனை. பல்கேரியாவில் பிறந்த மூக்குக்கு அது பழகிப்போன விஷயம்.

அந்தச் சனிக்கிழமை கீழே முற்றத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து லூதெனிட்சா கிண்டிக்கொண்டிருந்தார்கள். சுட்டுத் தோலுரித்த குடைமிளகாயையும் தக்காளியையும் அரைத்து, எண்ணெய் விட்டு, விறகு அடுப்பில் மணிக்கணக்கில் சுண்டவைக்கிற தொக்கு அது. குளிர்காலம் முழுக்க ரொட்டிக்கு அதுதான் துணை.

அண்டா முதல் மாடி கெர்கினா அத்தையுடையது. அண்டா யாருடையதோ அவர் சொல்வதுதான் சட்டம். கெர்கினா அத்தையிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன.

"ஒண்ணு, கிண்டறத நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அடிப்பிடிக்கும். ரெண்டு, அண்டா கிட்ட கண்ணாடி வரக் கூடாது. காலி பாட்டில் எல்லாம் அந்தச் சுவர் பக்கம் பெஞ்சு மேலதான் இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்தை" என்றாள் கலினா.

ஐந்தாவது மாடிக் கலினாவுக்கு வயது பத்து. துடுப்பு மாதிரி நீளமாக இருக்கும் அந்த மரக் கரண்டியைப் பிடிக்க அவளுக்கு அனுமதி கிடைத்தது இந்த வருஷம்தான். அந்தப் பெருமையில் காலையிலிருந்து நேராகக்கூட நடக்கவில்லை, மிதந்துகொண்டிருந்தாள்.

அவளிடம் ஒரு தேன் பாட்டில் இருந்தது. காலியானதுதான். ஆனால் மற்ற பாட்டில்கள் போல உருண்டை இல்லை, ஆறு பக்கம் உள்ளது. தொக்கு தயாரானதும் முதல் கரண்டி அந்தப் பாட்டிலில்தான் விழ வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கொதிக்கிற தொக்கைக் குளிர்ந்த பாட்டிலில் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் என்ன செய்தாள்? யாரும் பார்க்காத நேரத்தில் பாட்டிலை எடுத்துவந்து, கொஞ்சம் சூடாகட்டும் என்று அடுப்புச் செங்கல் மேலேயே வைத்துவிட்டாள்.

முதல் சட்டத்தை அவள் மறக்கவே இல்லை. இரண்டாவதுதான் மனதிலிருந்து நழுவிவிட்டது.

மணி மூன்று இருக்கும். "டப்" என்று ஒரு சத்தம். எங்கோ பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. எட்டு மாடிக்காரர்களும் ஒரே நேரத்தில் பால்கனியில் மின்சார அடுப்பு வைத்து மிளகாய் சுட்டால் ஃபியூஸ் என்ன செய்யும், பாவம். வருஷா வருஷம் நடக்கிறதுதான். நாலாவது மாடியில் இருக்கிற எனக்கும் அதில் பங்கு உண்டு. அன்று ஒன்றுக்கு இரண்டு அடுப்பு வைத்திருந்தேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த நிமிஷம் கட்டடத்துக்குள்ளிருந்து ஓர் அலறல் கேட்டது.

"ஐயோ! நான் உள்ள இருக்கேன்! லிஃப்ட் நின்னுபோச்சு!"

பென்ச்சோ மாமா. ஆறாவது மாடிக்காரர். பாட்டில் மூடிகள் எடுத்துவர மேலே போனவர், திரும்பி இறங்கும்போது நடுவழியில் மாட்டிக்கொண்டார்.

"கத்தாத பென்ச்சோ, வர்றோம்!" என்று கெர்கினா அத்தை ஓடினார். கலினாவின் அம்மா வன்யாவும் பின்னாலேயே ஓடினார். ஓடும்போதே அத்தை திரும்பிப் பார்த்துச் சொன்னார். "கலினா, நிறுத்தாம கிண்டு!"

கலினா கிண்டினாள். தனியாக, அவ்வளவு பெரிய அண்டாவை! இடமிருந்து வலம், வலமிருந்து இடம். தொக்கு கெட்டியாகிக்கொண்டிருந்தது. கெட்டியாகும்போது அது துப்ப ஆரம்பிக்கும். புளக். புளக்.

புளக்! ஒரு கொதிக்கும் துளி துள்ளிவந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"ஆ!"

கை வெடுக்கென்று பின்னால் போனது. துடுப்பின் நீளக் காம்பு செங்கல் பக்கமாகச் சுழன்றது.

கிளிங்!

கலினா மெதுவாகக் குனிந்து பார்த்தாள். தேன் பாட்டில் இருந்த இடத்தில் பாட்டில் இல்லை. கீழே, அடுப்புக்கும் விறகுக் குவியலுக்கும் நடுவில், கண்ணாடித் துண்டுகள் கிடந்தன.

அண்டாவைப் பார்த்தாள். அது ஒன்றும் தெரியாதது போலக் கொதித்துக்கொண்டிருந்தது. புளக். புளக்.

எல்லாம் கீழேதான் விழுந்திருக்கும் என்று நினைத்தாள். உடனேயே இன்னொரு நினைப்பு வந்தது. எல்லாமா? ஒரு சின்னத் துண்டு மேலே தெறித்து அண்டாவுக்குள் போயிருந்தால்?

"அக்கா, உடைஞ்சிருச்சு" என்றது ஒரு குரல்.

பெஞ்சுக்கு அடியில் தம்பி அசேன் உட்கார்ந்திருந்தான். ஐந்து வயது. கையில் அவனுடைய பச்சைக் களிமண் டைனோசர்.

"ஷ்ஷ்!"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான் அசேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு என்ன தருவே?" என்று கேட்டான்.

கலினா சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒரு கையால் கிண்டிக்கொண்டே, காலால் துண்டுகளை விறகுக் குவியல் ஓரமாகத் தள்ளினாள். காது சுட்டது. தப்பு செய்தபோது இல்லாத வெட்கம், அதை மறைக்கும்போது வந்தது.

லிஃப்ட் கதவைக் கையால் நெம்பித் திறந்து மாமாவை வெளியே எடுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். பென்ச்சோ மாமா மூடிப் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய தடித்த ரப்பர் செருப்பு சளப், சளப் என்றது.

"பதினஞ்சு நிமிஷம் இருட்டுல இருந்தேன்! சாப்பாடு இல்ல, தண்ணி இல்ல!"

"அஞ்சு நிமிஷம்தான்" என்றார் கெர்கினா அத்தை.

"உங்களுக்கு அஞ்சு நிமிஷம். உள்ள இருந்தவனுக்குத் தெரியும்."

மாமா விறகுக் குவியலுக்குப் போய் நாலு கட்டைகள் பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்பில் செருகினார். சளப், டிக். சளப், டிக். கலினா எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

"நல்லா கிண்டியிருக்கே. அடிப்பிடிக்கவே இல்ல" என்று அத்தை அவளிடமிருந்து துடுப்பை வாங்கினார். "கெட்டிக்காரி!"

அந்த ஒரு சொல்லுக்காகக் கலினா காலையிலிருந்து காத்திருந்தாள். இப்போது அதைக் கேட்டதும் அழுகைதான் வந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அம்மாவும் பென்ச்சோ மாமாவும் லிஃப்ட் கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று மூடிக்கொண்டாள்.

எழுபது பாட்டில் வரும் என்று அத்தை சொல்லியிருந்தார். மூன்று வீட்டு அலமாரிகளில் எழுபது பாட்டில்கள். அதில் ஏதோ ஒன்றில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கலாம். யார் வீட்டில்? எந்த மாதம் திறப்பார்கள்? ஜனவரியில் பனி பெய்துகொண்டிருக்கும்போதா? அசேன் தினமும் பள்ளிக்குப் போகும் முன் இரண்டு ரொட்டி சாப்பிடுவான். இரண்டிலும் விரல் தடிமனுக்குத் தடவச் சொல்லுவான். மெல்லவே மாட்டான், விழுங்குவான்.

கலினா பெஞ்சுக்கு அடியில் இருந்த அசேனைப் பார்த்தாள்.

"உப்பு, காரம் பாக்கணும். எங்கடா என் சின்ன நாக்கு?" என்றார் கெர்கினா அத்தை. ஒரு ரொட்டித் துண்டை அண்டாவில் தோய்த்து, புஃப் புஃப் என்று ஊதினார். "அசேன், வாடா கண்ணு!"

அசேன் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஓடி வந்தான். ரொட்டியை வாங்கினான். வாயை ஆவென்று திறந்தான்.

"வேண்டாம்!"

கலினா எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் தட்டிய தட்டில் ரொட்டி பறந்துபோய் மண்ணில் விழுந்தது. அசேன் திறந்த வாயை மூடாமல் அப்படியே அழ ஆரம்பித்தான்.

"ஏய், என்னடி ஆச்சு உனக்கு?" என்று அம்மா அதட்டினார்.

"அதுல கண்ணாடி இருக்கலாம்" என்றாள் கலினா. பிறகு எல்லாமே ஒரே மூச்சில் வெளியே வந்தது. தேன் பாட்டில், செங்கல், சூட்டுத் துளி, கிளிங் என்ற சத்தம், காலால் தள்ளியது வரை.

தொக்கு மட்டும் புளக் புளக் என்றது.

"உடனே ஏன் சொல்லல?" என்று அம்மா கேட்டார்.

"பயமா இருந்துச்சும்மா."

பென்ச்சோ மாமா தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். சுட்ட மிளகாயைத் தோலுரித்து நகமெல்லாம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. "அறுபது கிலோ" என்றார் மெல்ல. "ரெண்டு நாள் உரிச்சேன். நேத்து ராத்திரி கனவுல கூட உரிச்சேன்."

கெர்கினா அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கலினாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அண்டாவையே பார்த்தார். பிறகு சொன்னார்.

"நெருப்ப வெளிய இழு பென்ச்சோ. குழி தோண்டி ஊத்திடலாம். குழந்தைங்க சாப்பிடற பொருள். இருக்கலாம்னு தோணினாலே போதும், அது வேண்டாம்."

"எல்லாத்தையுமாக்கா?" என்றார் அம்மா.

"எல்லாத்தையும்தான். எந்தக் கரண்டியில இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

பென்ச்சோ மாமா குனிந்து ஒரு கட்டையைப் பிடித்தார். கலினா தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். எந்தக் கரண்டியில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அண்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய, அண்டாவுக்குள்தான் பார்க்க வேண்டுமா?

"அத்தை!" என்றாள். "அந்தப் பாட்டில ஒட்டிப் பாக்கலாம்."

"ஒட்டி? உடைஞ்ச பாட்டில வச்சு என்ன பண்ணப் போறே?"

"கீழ கெடக்கற துண்டெல்லாம் சேத்தா முழு பாட்டிலா வருதான்னு பாக்கலாம். வந்துச்சுன்னா உள்ள ஒண்ணும் விழலன்னுதானே அர்த்தம்? எங்கயாவது ஓட்டை இருந்தா ஊத்திடுங்க. நானே குழி தோண்டறேன்."

பெரியவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுவரைக்கும்?" என்றார் அத்தை.

"அதுவரைக்கும் கிண்டணும். இல்லன்னா அடிப்பிடிச்சிரும்" என்றாள் கலினா.

பென்ச்சோ மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"சரி" என்றார் அத்தை. "வழி தெரியற வரைக்கும்தான் நேரம்."

துடுப்பால் அண்டாவின் அடியோடு ஒரு கோடு இழுத்தால், தொக்கு இரண்டு பக்கமும் விலகி நடுவில் அடித் தகடு தெரியும். அதுதான் வழி. முதலில் உடனே மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ளாமல் அப்படியே நின்றுவிட்டால் தொக்கு தயார். அதற்கு மேல் ஒரு நிமிஷம் வைத்தாலும் கருகும்.

அத்தை ஒரு கோடு இழுத்துக் காட்டினார். வழி தெரிந்தது. "ஒண்ணு" என்று எண்ணும் முன்பே மூடிக்கொண்டது.

"பாத்தியா? ஓடு!"

அம்மா தன் தடித்த தோட்டக் கையுறைகளைக் கொண்டுவந்து கலினாவின் கைகளில் மாட்டினார். மாட்டி முடித்ததும் விரல்களை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டார்.

கலினா துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தாள். கெட்டியான தேன் பாட்டில், அதனால் பொடிப்பொடியாகவில்லை. பெரிய துண்டு, சின்னத் துண்டு, ஆறு பக்கம் உள்ள அடிப்பாகம். விறகுக் குவியலை மாமா ஒதுக்கிக் கொடுத்தார். அடியிலிருந்து இன்னும் இரண்டு கிடைத்தன. மொத்தம் பதினைந்து.

ஆனால் அவற்றை எப்படி நிற்க வைப்பது? டேப் போட்டு ஒட்டினாள். ஒன்றை ஒட்டினால் இன்னொன்று சரிந்தது. அதைப் பிடித்தால் இது விழுந்தது.

"ரெண்டு" என்று அடுப்புப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. வழி இப்போது இரண்டு எண்ணும் வரை நின்றது.

உள்ளே எதையாவது வைத்து அதன் மேல் ஒட்டினால் நிற்கும். மெத்தென்று, ஆனால் கெட்டியாக, நினைத்த மாதிரி வளைக்கக்கூடியதாக. கலினா திரும்பினாள். அசேன் தன் பச்சை டைனோசரை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இல்ல!" என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.

"தம்பி, இன்னைக்கு மட்டும்டா."

"அது சாப்பாட்டத் தட்டி விடறவங்களுக்கு உதவாது."

"தட்டினது தப்புதான். நீ அத முழுங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சேன்டா. எனக்கு உயிரே போயிருச்சு."

அசேன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. டைனோசரின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு அதை நீட்டினான்.

"வாலு மட்டும் எனக்கு வேணும்."

வாலைப் பிய்த்து அவனிடம் கொடுத்துவிட்டு, மீதியைக் கலினா பாட்டில் அளவுக்கு உருட்டினாள். அதை அடிப்பாகத்தின் மேல் நிறுத்தி, துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியிலிருந்து பதித்தாள். இந்த விளிம்புக்கு இந்த விளிம்பு. இந்த மூலைக்கு அந்த மூலை. பத்து பதிந்தது. பன்னிரண்டு. பதினைந்து.

பச்சை வயிற்றோடு பாட்டில் எழுந்து நின்றது. ஏறக்குறைய முழு பாட்டில்.

ஏறக்குறையதான். வாய் விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோணம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் கண்ணாடி இல்லை, பச்சைதான் தெரிந்தது.

கலினா அந்த இடத்தைக் கையுறை விரலால் தொட்டுப் பார்த்தாள். இல்லாத துண்டு எவ்வளவு பெரியது, எப்படி இருக்கும் என்றுகூட இப்போது தெரிந்துவிட்டது. எங்கே என்பது மட்டும் தெரியவில்லை.

"அஞ்சு" என்றார் அத்தை.

நாலாவது மாடி பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கை சும்மா இருக்கவில்லை. மின்சாரம் இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும் அடுப்பைப் போட்டிருக்க மாட்டேன்.

அவர்கள் தேடினார்கள். அம்மா சாம்பலைச் சல்லடையில் சலித்தார். மாமா செங்கல்களின் இடுக்கை எல்லாம் சிறு குச்சியால் கிளறினார். நடுவில் யாரும் பார்க்காதபோது அடுப்பிலிருந்து ஒரு கட்டையை மெல்ல வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தார். கெர்கினா அத்தை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கலினா தேடுவதை நிறுத்தினாள். நடந்ததை மறுபடி நினைத்துப் பார்க்க முயன்றாள்.

"அசேன், நீ அங்கிருந்து பாத்தேல்ல? பாட்டில் எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"இந்தப் பக்கம்" என்று அவன் விறகுக் குவியலைக் காட்டினான். "தலை முதல்ல விழுந்துச்சு. தொபுக்குன்னு."

தலை என்றால் பாட்டிலின் வாய். ஆமாம், வாய்த் துண்டுகள் எல்லாம் குவியல் ஓரமாகத்தான் கிடைத்தன. அப்படியானால் இந்த ஒன்றும் அங்கேதான் கிடந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே இல்லை. கண்ணாடிக்குக் கால் இல்லையே, எப்படிப் போகும்?

"பத்து" என்றார் அத்தை. அவர் குரல் தளர்ந்திருந்தது. துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அண்டாவின் நடுவே வழி திறந்தே இருந்தது. மூடிக்கொள்ளவில்லை.

எல்லோரும் அந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு அழகான, இவ்வளவு சிவப்பான லூதெனிட்சாவை அந்த முற்றம் பார்த்ததில்லை. அதனால் இன்னும் வேதனையாக இருந்தது.

"வழி தெரிஞ்சிருச்சு கலினா" என்றார் அத்தை. "போதும்மா. பென்ச்சோ, மண்வெட்டிய எடுத்துட்டு வா."

பென்ச்சோ மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார். யாரும் பேசவில்லை. தீயும் அடங்கியிருந்தது. சிமென்ட் தரையில் அவர் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சளப், டிக். சளப், டிக். சளப், டிக்.

கலினா நிமிர்ந்தாள்.

இரண்டு காலிலும் ஒரே செருப்புதானே? ஒரு கால் மட்டும் ஏன் டிக் என்கிறது? காலையில் அப்படிக் கேட்கவில்லையே. லிஃப்டிலிருந்து வரும்போதும் கேட்கவில்லை. மாமா விறகு எடுக்கப் போனாரே...

கண்ணாடிக்குக் கால் இல்லை. ஆனால்...

"மாமா! நில்லுங்க! நடக்காதீங்க!"

பென்ச்சோ மாமா ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். "என்ன? பாம்பா?"

"செருப்பு! வலது செருப்பக் கழட்டுங்க!"

அவர் ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். கலினா அதைக் கவிழ்த்துப் பிடித்தாள். தடித்த ரப்பரில், ஒரு தக்காளித் தோலோடு சேர்ந்து, குதிகாலுக்குப் பக்கத்தில் ஏதோ மின்னியது.

முக்கோணம். கட்டைவிரல் நகம் அளவு.

"அட, நானா இத வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினேன்?" என்றார் மாமா. "இந்தச் செருப்பு ஆணி குத்தினாக்கூட எனக்குச் சொல்லாது!"

கையுறை போட்ட விரல்களால் கலினா அதைப் பிடுங்கி எடுத்தாள். தடித்த கையுறையில் இரண்டு தடவை நழுவியது. பாட்டில் வாயில் அந்தக் காலி இடத்தில் வைத்து மெல்ல அழுத்தினாள்.

பச்சை மறைந்தது. பதினாறாவது துண்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது.

"கொண்டா இங்க" என்றார் கெர்கினா அத்தை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பாட்டிலை வெயிலில் பிடித்து, வாயிலிருந்து அடிவரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். நகத்தை வைத்துத் தடவினார். எங்கேயாவது நகம் உள்ளே இறங்குகிறதா? திருப்பினார். மறுபடி தடவினார். ஆறு பக்கமும் பார்த்து முடித்தார்.

"வன்யா, நீயும் பாரு" என்றார். அம்மா பார்த்தார். மாமா பார்த்தார், ஒற்றைச் செருப்போடு.

"எங்கயும் இடைவெளி இல்ல" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது.

கெர்கினா அத்தை பாட்டிலைப் பெஞ்சில் வைத்தார். பத்தடி தள்ளி, சுவர் ஓரமாக. பிறகு அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஊதி, எல்லோரும் பார்க்கத் தானே முதலில் வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார். விழுங்கினார்.

"ம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் பென்ச்சோ மாமா கையிலிருந்த மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டார். வெறும் காலும் செருப்புக் காலுமாக ஆடுவதைப் பார்க்க வேண்டுமே!

அம்மா கலினாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இனிமே பயமா இருந்தாலும் சொல்லிடு. சேந்து பயப்படலாம்" என்று காதோரம் சொன்னார்.

அத்தை இன்னொரு ரொட்டித் துண்டைத் தோய்த்து அசேனிடம் நீட்டினார்.

அசேன் வாங்கிக்கொண்டான். ஆனால் வாயில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, சாப்பிடலாமா?"

முற்றம் முழுக்க அவள் பதிலுக்காகக் காத்திருந்தது. கலினா பெஞ்சில் இருந்த பாட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். மனதுக்குள் எண்ணினாள். பதினாறு.

"சாப்பிடுடா" என்றாள்.

அசேன் ஒரே வாயில் போட்டான். மென்றானா, விழுங்கினானா தெரியாது. தொக்கு அப்பி முகம் காதுவரை சிவப்பாகிவிட்டது. நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கினான். பெரிய சமையல்காரர் மாதிரி தலையைச் சாய்த்து யோசித்தான்.

"உப்பு பத்தல" என்றான்.

"என்னது?" என்று கெர்கினா அத்தை இடுப்பில் கை வைத்தார். முப்பது வருஷமாக அண்டா வைத்திருப்பவர். அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். மாமா அடக்கவே இல்லை.

அத்தை விரலால் தொட்டு இன்னொரு முறை நக்கிப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. இத்தனை களேபரத்தில் கடைசி உப்பைப் போடவே மறந்திருந்தார்.

"சரி சரி, சிரிக்காதீங்க. மிச்ச நெருப்பையும் தணிச்சு வை பென்ச்சோ. நான் போய் உப்பு எடுத்துட்டு வர்றேன்" என்றார். இரண்டடி போனவர் நின்று, துடுப்பைக் கலினாவிடம் நீட்டினார்.

"நிறுத்தாம கிண்டு."

கலினா துடுப்பை வாங்கினாள். முதலில் இடது பக்கச் செங்கலைப் பார்த்தாள். வலது பக்கச் செங்கலைப் பார்த்தாள். சட்டையின் கைகளை மணிக்கட்டு வரை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம்தான் கிண்ட ஆரம்பித்தாள்.